மைக் செட்டுக்காரர் பதில்கள்

கேள்வி: அம்மன் கோயில் கொடையில் கரோக்கே பாட்டு வைக்கிறோம். லேப்டாப்பை மிக்ஸரில் செருகினாலே ‘உம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். சார்ஜர் பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை உடைத்துவிட்டால் நின்றுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நின்றுவிடும்தான். ஆனால் உடைக்காதீர்கள். கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் பின் அதுதான்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் மாஸ்டர் வால்யூமை அடியோடு குறையுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு அதற்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் பவர் சப்ளையில் கரண்டைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். நின்றுவிட்டால் வினை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அடுத்து சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் போய்விட்டதா? பெரும்பாலும் எர்த் லூப்தான்.

உங்கள் லேப்டாப் மேடையில் ஒரு பிளக் பாயின்டில் இருக்கும், மிக்ஸர் பந்தலின் கடைசியில் இன்னொன்றில். இரண்டுக்கும் எர்த் ஒயர் தனித்தனி வழியில் வருகிறது. நடுவில் ஆடியோ ஒயரின் ஷீல்டு (உள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) இரண்டையும் கோத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் துளி மின்சாரம்தான் 50 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், காசு செலவில்லை. அதற்கும் அடங்காவிட்டால் டி.ஐ. பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி அதன் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்கள். அது ஆடியோ ஒயரின் ஷீல்டை மட்டும் துண்டிக்கும். கரண்ட் எர்த் அப்படியே இருக்கும். ஒரு மணி நேரக் கச்சேரி என்றால் பேட்டரியே போதும்.

எர்த்தை ஏன் தொடக்கூடாது? கோயிலில் பாடுகிறவர் வெறுங்காலோடு, சில சமயம் ஈரத் தரையில் நிற்பார். எர்த் இல்லாத செட்டில் கரண்ட் கசிந்தால், அது தரைக்கு இறங்க மைக்கைப் பிடித்த கைதான் வழி. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே இறந்துபோனார்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண ரிசப்ஷனில் இதே உறுமல். நான் பெரிய மெக்கானிக் மாதிரி ஆம்ப்ளிஃபயரைத் திறந்து கண்டென்சரை மாற்றினேன். சத்தம் அசையவே இல்லை. பந்திப் பாய்க்கு அடியில் மைக் ஒயரையும் சீரியல் லைட் ஒயரையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள்! அன்றிலிருந்து ஒயரைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை.

கேள்வி: ஒயரை ஆட்டினால் மைக் ‘கரகர’ என்று விட்டுவிட்டு வருகிறது. மைக் போய்விட்டதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேறு ஒயரை மாட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் மைக் பிழைத்தது. ஒயர் உள்ளே அறுவது பெரும்பாலும் கேனன் பின்னை (ஒயர் முனையில் இருக்கும் மூன்று பின் கனெக்டர்) ஒட்டித்தான். அங்கே மூன்று அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சால்டர் வையுங்கள்: ஒன்றாம் பின்னில் ஷீல்டு, இரண்டிலும் மூன்றிலும் சிக்னல். மறுமுனையில் எந்த நிறம் எந்தப் பின்னில் இருக்கிறதோ அதே மாதிரி வர வேண்டும். அப்புறம், ஒயரை முழங்கையில் சுற்றாதீர்கள். முறுக்கேறி உள்ளேயே அறும். என் கடையில் சேரும் பையனுக்கு முதல் வாரம் முழுக்க ஒயர் சுற்றும் வேலை மட்டும்தான்.