முண்டு வத்தல்: மில் வாங்குவதற்கு முன்

வணக்கம் ஐயா,

கடலாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், மானாவாரி, முண்டு மிளகாய்தான் வெள்ளாமை. விதைப்புக்குக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவோம், வத்தல் அந்தக் கடைக்கே போகும். நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன். விவசாயியாக இருந்து தொழிலதிபர் ஆனவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பத்திரிகைகளில் விடாமல் படிக்கிறேன். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் சேர்ந்து மிளகாய்த்தூள் தொழில் தொடங்கலாம் என்று வீட்டில் பேச்சு. பத்து லட்சம் மானியம் உண்டு என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து பெரிய மில்லாகப் போட்டுவிடலாமா? புவிசார் குறியீட்டைப் பாக்கெட்டில் அச்சடிக்கலாமா? அந்தக் கதைகளில் சொல்லாமல் விடுவது என்ன?

மு.

அன்புள்ள மு.,

அந்தக் கதைகள் பொய் இல்லை. நடுப்பக்கம் கிழிந்தவை, அவ்வளவுதான். ஒரு ஏக்கரில் தொடங்கினார், இடைத்தரகரிடம் ஏமாந்தார், தானே அரைத்து விற்றார், இன்று சரக்கு வெளிநாடு போகிறது என்று நான்கு வரியில் ஓடிவிடும். எந்த மாதம் கையில் காசு இருந்தது, எந்த மாதம் இல்லை, வீட்டில் யார் கூலி வாங்காமல் உழைத்தார்கள் என்பது அதில் இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் பாருங்கள். சக்தி மசாலாவைக் கட்டிய பி.சி. துரைசாமி பெருந்துறைப் பக்கம் மஞ்சள் வியாபாரி. 1975-இல் தொடங்கியது மஞ்சளை வாங்கி விற்கும் தொழில். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மல்லித் தூள் எல்லாம் அதற்குப் பிறகு. சரக்கைத் தரம் பார்த்து வாங்கவும் விற்கவும் பழகிய கை பின்னால்தான் அரைக்கப் போனது. உங்கள் வீட்டில் நேரே அரைவையிலிருந்து தொடங்கப் பார்க்கிறீர்கள்.

முண்டு அரைப்பதற்கென்று பேர் வாங்கிய மிளகாய் இல்லை. தடித்த தோல், உருண்டை வடிவு, எண்ணெயில் விழுந்ததும் வரும் வாசம். சாம்பாரிலும் தாளிப்பிலும் முழுசாகப் போடுகிறவர்கள்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள். தூளாக்கிவிட்டால் அந்த உருண்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? கடைத் தட்டில் ஆந்திரத்துக் குண்டூர் சன்ன மிளகாய்த் தூளோடு விலையிலும், கர்நாடகத்துப் பியாடகி மிளகாய்த் தூளோடு நிறத்திலும் மோத வேண்டும். பியாடகியின் சிவப்பு முண்டுத் தூளில் வராது. வரவழைக்கிறேன் என்று சாயம் பக்கம் போனவர்களின் கதை 2003-இல் உணவில் சேர்க்கக் கூடாத சூடான் சாயம் ஐரோப்பாவில் பிடிபட்டபோது ஊரறிய முடிந்தது.

கணக்காகவே பாருங்கள். வத்தல் கிலோ 200 ரூபாய், ஆள் கூலி 400 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு கிலோவுக்கு 20,000. காம்பு கிள்ளினால் ஐந்தாறு கிலோ போகும். வெளுத்துப்போன சோடையும் தூசியும் நான்கு கிலோ, அரைப்பதற்கு முன் ஒரு வெயில் காயும்போதும் மில்லிலும் இரண்டு கிலோ. மிஞ்சுவது 88 கிலோ தூள். கிலோவுக்கு வத்தல் செலவே 227 ஆகிவிட்டது. காம்பு கிள்ள ஐந்து ஆள் கூலி கிலோவுக்கு 23, அரைவை 12, 200 கிராம் பை ஐந்தும் லேபிளும் 20. ஆக 282. பாக்கெட்டில் கிலோவுக்கு 400 ரூபாய் கணக்கில் விலை போட்டால் கடைக்காரர் 20 சதவீதம் கழித்து 320 தருவார். அதற்குள் ஜிஎஸ்டி 5 சதவீதம் அடங்கினால் உங்களுக்கு நிற்பது 305-க்குச் சற்றுக் குறைவு. மிச்சம் 22 ரூபாய். வண்டி வாடகை, திரும்பி வரும் பாக்கெட், உங்கள் சம்பளம் மூன்றும் அந்த 22-இல்தான் வர வேண்டும்.

அதே நூறு கிலோவைக் காம்போடு தரம் பிரித்து முழு வத்தலாகவே பாக்கெட் போட்டால் 95 கிலோ தேறும். இரண்டு ஆள் கூலி சேர்த்துக் கிலோவுக்கு 219. இடத்தை அடைக்கிற சரக்கு, பை பெரிது, 25 வையுங்கள். 244. விலை 360 போட்டால் கடை தருவது 288, வரி போக 274. மிச்சம் 30. மில் இல்லை, மின்சாரம் இல்லை, தூளில் வரும் கலப்படச் சந்தேகமும் இல்லை. விலைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், இந்த வரிசை சுலபத்தில் மாறாது. முதல் சரக்கு முழு வத்தல். தூள், தரம் பிரித்ததில் கழிகிற சிறுசுக்கும் உடைசலுக்கும் ஒரு வழி. சோடையைத் தூளில் தள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

தரம் என்பது களத்தில் தீர்மானமாகிற விஷயம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது தையில் பழுக்கத் தொடங்கும். பழம் முழுச் சிவப்பாகி, செடியிலேயே தோல் லேசாகச் சுருங்கிய பிறகு பறித்தால் காயவைக்கும் நாளில் இரண்டு குறையும். அரைப் பழுப்பைச் சேர்த்துப் பறித்துவிட்டால் நிழலில் குவித்து இரண்டு நாள் வைத்து நிறம் ஒன்றான பிறகுதான் வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பச்சை ஓடிய காய் வெயிலில் சிவக்காது, வெளுத்துச் சோடையாகிவிடும். நான்கு கிலோ பழம் ஒரு கிலோ வத்தல். பத்திலிருந்து பதினைந்து நாள் வெயில் வேண்டும். கனமாகப் பரப்பினால் அடியில் இருப்பது அவிந்து கறுக்கும், அதனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பகலில் நான்கைந்து தடவை கிண்டிவிட வேண்டும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். உங்கள் முதல் இரண்டு பறிப்பும் சரியாக அந்தப் பனியில்தான் வந்து விழுகின்றன. பகலெல்லாம் காய்ந்தது ராத்திரி மறுபடி ஈரம் இழுக்கும். காலையில் வெயில் ஏறி, சுற்றுப்புல் காய்ந்த பிறகுதான் மூடியை எடுக்க வேண்டும்.

கடலோரத்துக்கு இன்னொரு தொல்லை மணல். மத்தியானம் கடல் காற்று எழும்பினால் களத்து மணல் வத்தல் மேல் ஏறி, சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மிளகாய்த்தூளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கும் அளவுகளில் ஈரம் 11 சதவீதம், எரித்தால் மிஞ்சும் மொத்தச் சாம்பல் 8 சதவீதம். அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கரையாத சாம்பல் என்றால் பெரும்பாலும் மண்ணும் மணலும்தான். யாரும் எதையும் கலக்காமலே இந்த ஓர் எண்ணில் சரக்கு தோற்றுப்போகும். வெறுந்தரையிலும் தார்ச்சாலையிலும் காயவைத்ததைப் பாக்கெட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சிமெண்டுக் களம் இல்லையென்றால் கெட்டித் தார்ப்பாய், காற்று வரும் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி. வசதி வந்தால் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கிடைக்கும் சூரிய கூடார உலர்த்தி. மணல், பனி, திடீர் மழை, ஆட்டுப் புழுக்கை நான்குக்கும் அது ஒரே பதில். என்னைக் கேட்டால் மில்லுக்கு முன் வாங்க வேண்டியது அதைத்தான்.

காய்ந்ததா என்று பார்க்க உள்ளங்கையில் ஒரு வத்தலை வைத்துக் குலுக்குங்கள். முண்டுக்குள் விதை கலகலக்க வேண்டும். அமுக்கினால் தோல் வெடிக்க வேண்டும், வளையக் கூடாது. ஈரம் பத்து சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். எடை நிற்கட்டும், உடையாமல் இருக்கட்டும் என்று மூட்டை பிடிக்கும்போது தண்ணீர் தெளிப்பார்களே, அந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். காம்படியில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரும். ஐரோப்பாவில் பி1 வகைக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 என்று வரம்பு. கதைகளில் சரக்கு வெளிநாடு போகிறதே, அது இந்த வரம்புக்குள் நின்றால்தான் போகும். தூத்துக்குடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. ஏற்றுமதிப் பேச்சுக்கு முன் ஒரு மாதிரியை அங்கே அனுப்பிப் பாருங்கள்.

இருப்பு வைப்பதில் பெரிய வித்தை இல்லை. மூட்டை தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல், நெல்லும் பருப்பும் இல்லாத தனி அறையில். கடல் காற்று அடிக்கிற ஊரில் ஆடி வரைக்கும் ஓட்டிவிடலாம். அதற்கு மேல் வைத்தால் நிறம் இறங்கும், வண்டு விழும். நீண்ட நாள் வைக்கப் பரமக்குடி பக்கம் எட்டிவயல் வணிக வளாகத்தில் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது.

இப்போது மில். ஐந்து குதிரைத் திறன் அரைவை எந்திரம் மணிக்கு முப்பது, நாற்பது கிலோ மிளகாய் அரைக்கும். உங்கள் மூன்று ஏக்கரில் நல்ல ஆண்டில் பன்னிரண்டு, பதினைந்து குவிண்டால் வத்தல் வரும். அத்தனையையும் தூளாக்கினாலும் நாற்பது மணி நேரத்து வேலை. வருஷத்தில் ஒரு வாரம் ஓடி, மீதி நாளெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற எந்திரத்துக்குத் தவணை கட்ட வேண்டுமா? ஊர் மில்லில் கூலிக்கு அரையுங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். உங்கள் வத்தலிலேயே ஒரு கிலோவைப் போட்டு ஓட்டி அதை ஒதுக்கிவிட்டால் முந்தின நாள் மல்லியும் அரிசியும் அதோடு வெளியேறும். ஒரே ஓட்டில் நைசாக அரைத்தால் சூடேறி வாசம் பறந்துவிடும். முதலில் கொரகொரப்பாக, ஆறவிட்டு இரண்டாவது ஓட்டில் நைசாக. அரைத்த தூளை விரித்து நாலைந்து மணி நேரம் ஆறிய பிறகே பையில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் பைக்குள் வியர்த்துக் கட்டி தட்டும், இரண்டு மாதத்தில் கடைக்காரர் திருப்பித் தருவார். பதினைந்து நாளைக்குப் போதுமான அளவுதான் ஒரு தடவை. மிச்சம் வத்தலாகவே கிடக்கட்டும்.

பத்து லட்சம் மானியம் என்கிறார்களே, அது 2020-இல் வந்த உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டம். மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு பத்து லட்சம். பத்தும் வேண்டுமானால் திட்ட மதிப்பு 28.5 லட்சத்துக்கு மேல் போக வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு கைக்காசு, மீதி வங்கிக் கடன். மானியம் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடந்து, மூன்றாண்டு நீங்கள் தவணை தவறாமல் கட்டியிருந்தால் கடனில் கழியும். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் வத்தல் விளைகிற வீட்டுக்கு 25 லட்சம் கடன் பொருந்தாது.

உங்களுக்கு உண்மையான நெருக்கடி வரப்போவது காசு வரும் மாதத்தில். இப்போது மாசி, பங்குனியில் சரக்கு போனதும் பணம் வருகிறது, கமிஷன் கடை முன்பணம் கழிகிறது. வத்தலை வீட்டில் நிறுத்தினால் அந்தப் பணம் ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும், கடைகளில் ஒரு மாதக் கடன் வேறு. கமிஷன் கடைக்காரர் காத்திருக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே முதல் ஆண்டில் கால் பங்கை மட்டும், அதாவது முந்நூறு கிலோவை நிறுத்துங்கள். முதல் பறிப்புகளில் வந்த பெருவட்டாகப் பார்த்து எடுங்கள், கடைசிப் பறிப்பில் சிறுசும் சோடையும் அதிகம். மற்றது வழக்கம்போலப் போகட்டும். இன்னும் கொஞ்சம் பிடித்துவைக்க வேண்டுமானால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை தருகிறார்கள். முன்பணத்தை அதைக் கொண்டு அடைத்தால் அடுத்த விதைப்புக்குக் கை நீட்ட வேண்டியிருக்காது.

குடும்பத் தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் வத்தலைத் தொழில் இனாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய மண்டி விலைக்கு வாங்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் லாபம் தூளில் வந்ததா நிலத்தில் வந்ததா என்று ஒருநாளும் தெரியாது, பங்கு பேசும் நாளில் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். காம்பு கிள்ளப் போவது அம்மாவும் அண்ணியும்தான். வெளி ஆளுக்குக் கொடுக்கும் அதே கூலியை அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். அது இல்லாமல்தான் 22 ரூபாய் லாபம் 45 ரூபாயாகத் தெரியும். பாக்கெட்டின் பெயரை வணிகச் சின்னமாக, மசாலாப் பொருள்கள் வரும் 30-ஆம் வகுப்பில் பதியலாம், குறுந்தொழிலுக்கு இணைய வழிக் கட்டணம் 4,500 ரூபாய். அதை உங்கள் பெயரில் தனியாகப் பதியாமல், கூட்டு ஒப்பந்தம் ஒன்று எழுதி அந்த நிறுவனத்தின் பெயரில் பதியுங்கள். கடை ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில் முடியும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. அந்த எல்லைக்குள் விளைவிக்கிறீர்கள் என்பதாலேயே சின்னத்தை அச்சடித்துவிட முடியாது. சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக அப்பாவின் பெயரைப் பதிய வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் ஆர்டர் நிற்கிறதே என்று குண்டூர் சன்னத்தைக் கலந்தால், அந்தப் பாக்கெட்டில் முண்டு என்ற பெயரே இருக்கக் கூடாது, சின்னம் அப்புறம். பற்றாக்குறைக்குப் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் வாங்கலாம். வாங்குவதானால் அவர் களத்தையும் தார்ப்பாயையும் பறிப்புக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். மாசியில் பதினைந்து நாள் விடுப்புக் கேட்டு முதல் பறிப்புக்கு ஊருக்குப் போங்கள். தார்ப்பாயும் ஒரு தராசும் வாங்கிக்கொண்டு போங்கள்.