வழக்குத் தொடரும் துறையிலேயே பயிற்சி பெற்று சொலிசிட்டர் ஆக முடியுமா?

இங்கிலாந்தில் தனியார் சட்ட நிறுவனத்துக்குப் போகாமலே சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வழக்கறிஞர்) ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். 1986 முதல் இயங்கும், அரசு சார்பில் குற்ற வழக்குகளை நடத்தும் துறையான கிரௌன் பிராசிகியூஷன் சர்வீஸில் பயிற்சி இடங்கள் உண்டு. 2 ஆண்டுப் பணி அனுபவம், 2021-இல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு, இரண்டும் வேண்டும்.

அங்கே உண்மையில் பழகுவது கோப்பு வாசிக்கத்தான். போலீஸ் அனுப்பும் கோப்பில் எம்.ஜி. 5 என்ற வழக்குச் சுருக்கம் இருக்கும். அதில் 'சாட்சி அடையாளம் காட்டினார்' என்றிருக்கலாம். எம்.ஜி. 11 என்ற சாட்சி வாக்குமூலத்தைப் புரட்டினால், தெருவிளக்கு எரியவில்லை, ஓரிரு விநாடிதான் பார்த்தேன் என்று அதே சாட்சி சொல்லியிருப்பார். அப்போதுதான் முதல் கேள்வி எழும்: தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டா? அது தேறினால்தான் அடுத்த கேள்வி: வழக்குத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததா? சாட்சியம் தேறாவிட்டால், குற்றம் எவ்வளவு கொடியதானாலும் வழக்கை நகர்த்தக் கூடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய ஆவணத்தையும் நாமே தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கடமை.

தகுதி பெற்றதும் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வாதாடலாம். கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரௌன் கோர்ட்டில் வாதாடத் தனித் தகுதி பெற வேண்டும்.