ஹாரி டீன் ஸ்டாண்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டனை 'எந்த வேடத்துக்கும் பொருந்துகிறவர்' என்று ஒரு வரியில் சொல்லிச் சென்றீர்கள். அதன் பிறகு 'பாரிஸ், டெக்சாஸ்', 'ஏலியன்', 'தி கிரீன் மைல்' மூன்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஒட்டிய கன்னம், அதே சோர்ந்த கண்கள். பேச்சைக்கூட மாற்றிக்கொள்வதில்லை. எடை கூட்டுவது, குறைப்பது எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் இதை எப்படிப் பன்முக நடிப்பு என்பது? நாயகனாக முதல் பெரிய வாய்ப்பு 58 வயதில்தான் வந்ததாம். அது ஹாலிவுட்டின் குறையா, அவருடைய குறையா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

முகம் மாறுவதில்லை என்பது சரி. ஒட்டுத்தாடி, பொய்மூக்கு வகையறாவில் அவருக்கு அக்கறை இருந்ததாகவே தெரியவில்லை. ஆனால் 1984 என்ற ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெப்போ மேன்', 'பாரிஸ், டெக்சாஸ்', 'ரெட் டான்' மூன்றும் அந்த ஆண்டு வெளிவந்தவை.

'ரெப்போ மேன்' படத்தில் அவர் பட். தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கிவருவது தொழில். வாய் ஓயாது. தொழிலுக்குப் புதிதாக வந்த பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலையின் தர்மங்களை ஒப்பிப்பார். கடனைக் கட்டாதவர்கள் மீது அப்படி ஓர் ஆத்திரம். தன் காரில் கம்யூனிஸ்ட் ஏறக்கூடாது என்பார். அதே மூச்சில் கிறிஸ்தவனும் ஏறக்கூடாது என்பார். 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தின் டிராவிஸோ சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறார், கால் மணி நேரத்துக்கும் மேல் ஒரு சொல் பேசுவதில்லை. இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, ராபி முல்லர். முகமும் அதுவே, கேமராவுக்குப் பின்னால் இருந்த கண்ணும் அதுவே. ஆனாலும் பட்தான் டிராவிஸ் என்று ஒரு நொடி நினைக்க முடியுமா? 'ரெட் டான்' சுமாரான படம்தான். அதில் முள்வேலிக்குப் பின்னால் நின்று, அழாதீர்கள் என்று மகன்களிடம் சொல்லிவிட்டு, தனக்காகப் பழிவாங்கச் சொல்லிக் கத்தும் அப்பாவாக ஒரு காட்சியில் வருவார். அந்தக் குரல் மற்ற இரண்டு படங்களிலும் இல்லை.

டிராவிஸ் தன் மனைவியைக் கண்டுபிடிக்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். நடுவில் ஒரு கண்ணாடி. இவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு இவர் தெரியமாட்டார். தொலைபேசியில்தான் பேச்சு. இரண்டாம் முறை வரும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தெரிந்த யாரோ இருவரின் கதை என்று தங்கள் கதையைச் சொல்கிறார். பொறாமை, குடி, தீ எல்லாம் அதில் வருகின்றன. எந்த இடத்திலும் குரல் உயர்வதில்லை, வேகம் கூடுவதில்லை. அழுது தீர்க்க இவ்வளவு தோதான வசனம் கிடைத்தால் பெரும்பாலான நடிகர்கள் விட்டிருக்கமாட்டார்கள். இவர் கதையை மட்டும் சொல்கிறார். அதனால் அழுகை நம் பக்கம் வந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. நடிகர் ஜாக் நிக்கல்சன் இவருடைய நெருங்கிய நண்பர், ஒரு காலத்தில் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். 1960களில் தான் எழுதிய ஒரு வெஸ்டர்ன் (கௌபாய்) படத்தில் ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் வேடத்தை இவருக்குக் கொடுத்தபோது, பாத்திரத்தை உடை பார்த்துக்கொள்ளும், நீ நீயாக இருந்தால் போதும் என்ற பொருளில் சொன்னாராம். அதை ஸ்டாண்டன் கடைசிவரை விடவில்லை. சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு என்று தோன்றலாம். சில படங்களில் அப்படித்தான் ஆனது, சும்மா வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் முன்கூட்டியே எதையும் காட்டாத முகத்தில்தான் சூழ்நிலை தன்னை எழுதிக்கொள்ள முடியும். 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப்போகும் இடத்தில், மேலிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டி நிற்பார், ஞாபகமிருக்கிறதா? வரப்போவது என்னவென்று நமக்குத் தெரியும். அவரோ வேலை நடுவே கொஞ்சம் குளிர்ச்சி கிடைத்த தொழிலாளி, அவ்வளவுதான். பயத்தை ஒரு துளி முன்கூட்டிக் காட்டியிருந்தாலும் காட்சி செத்திருக்கும். 'பிக் லவ்' தொடரில் பலதார மணக் குழுவொன்றின் தீர்க்கதரிசி ரோமன் கிராண்டாக வருகிறார். அதே தணிந்த குரல். அங்கே கேட்டால் முதுகு சில்லிடுகிறது.

இனி 58 வயது விஷயம். 1926இல் கென்டக்கியின் வெஸ்ட் அர்வைனில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைக் கப்பலில் சமையற்காரர், ஒகினாவா போரில் இருந்திருக்கிறார். பிறகு கல்லூரி, பாசடீனாவில் நாடகப் பயிற்சி, தொலைக்காட்சி வெஸ்டர்ன்களில் அடியாள் வேடங்கள். அந்த ஒட்டிய முகத்தைப் பார்த்ததும் ஹாலிவுட்டுக்கு அடியாள்தான் தோன்றியது. அது அவர்களுடைய குறைதான், இவருக்கும் அந்த வருத்தம் இருந்தது. சாண்டா ஃபேயில் ஒரு மதுக்கடையில், 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தை எழுதிய சாம் ஷெப்பர்டிடம், கொஞ்சம் அழகும் நுட்பமும் உள்ள ஒரு வேடம் வேண்டும் என்று புலம்பியிருக்கிறார். டிராவிஸ் அப்படித்தான் வந்தது. படம் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கியது. அதற்குப் பிறகும் நாயக வேடங்கள் வரிசைகட்டி வரவில்லை, அவர் பழையபடி அப்பாவாகவும் அண்ணனாகவும் வந்துபோனார். ஸ்டாண்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்காது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதி சொன்னார். (விதிவிலக்கும் உண்டென்று அவரே பின்னர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.)

அடுத்து, அவர் லக்கி என்ற நாயகனாக வரும் 'லக்கி' பாருங்கள். 2017 செப்டம்பர் 15 அன்று, 91 வயதில் ஸ்டாண்டன் காலமானார். இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம். இயக்குநர் ஜான் கரோல் லிஞ்சும் ஒரு குணச்சித்திர நடிகரே. அதில் போரைப் பற்றி இவரோடு பேசும் முன்னாள் படைவீரராக வருபவர் டாம் ஸ்கெரிட், 'ஏலியன்' படத்தில் விண்கப்பலின் கேப்டனாக நடித்தவர். கப்பலில் சமையற்காரனாக இருந்தேன் என்று லக்கி சொல்வது ஸ்டாண்டனின் சொந்தக் கதை. இவரைப் பற்றி சோஃபி ஹூபர் 2012இல் எடுத்த ஆவணப்படமும் இருக்கிறது. பேட்டி என்று நம்பி உட்காராதீர்கள், பாதிக் கேள்விகளுக்கு மனிதர் பிடிகொடுப்பதில்லை. பாட்டுகள் மட்டும் நிறையப் பாடுகிறார்.