தெருவையே குழந்தைகள் விளையாடும் இடமாக்கிய ‘வோனெர்ஃப்’ என்றால் என்ன?

வோனெர்ஃப் என்பது டச்சுச் சொல். ‘குடியிருப்பு முற்றம்’ என்று சொல்லலாம். 1960களின் கடைசியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் தொடங்கி, 1976இல் சட்டத் தகுதி பெற்ற தெரு முறை இது. இங்கே தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், குழந்தைகள் விளையாடலாம். வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

ஏன் அவ்வளவு மெதுவாக? பந்துக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளையைப் பார்த்துக் கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 14 மீட்டர் போய்விடும். 15 கி.மீ. வேகத்தில் 4 மீட்டர்தான்.

பலகை மட்டும் நட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள். நேராக நீண்ட சாலையைக் கண்டால் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். அதனால் மரம், தொட்டி, பெஞ்சு வைத்துப் பாதையை வளைக்கிறார்கள்; உயர்ந்த நடைமேடையை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக்குகிறார்கள். ‘P’ என்று குறித்த இடத்தில் மட்டுமே கார் நிறுத்தலாம். கண்ட இடத்தில் நின்றால் மூன்று வயதுப் பிள்ளை பானெட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். குறுக்குவழி தேடும் வண்டிகள் புகுந்து போகும் தெருவில் இது எடுபடாது.

நெல் காயும் முற்றத்துக்குள் பைக்கை உருட்டிக்கொண்டு வருகிறோமே, ஏறக்குறைய அதே பக்குவம்தான்.

பலர் நினைப்பதுபோல இது கார் நுழையவே கூடாத தெரு அல்ல: காரும் வரலாம், நடப்பவரும் அதை வேண்டுமென்றே மறிக்கக் கூடாது.