பழைய பிலிம் கேமராவில் ஒளி கசிகிறது. சீல் நுரையை நாமே மாற்றலாமா?

தனுஷ்கோடியில் எடுத்த படங்களின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு விழுகிறது, பெண்டாக்ஸ் கே1000 கேமராவின் பின்கதவைத் திறந்தால் கையில் கறுப்பாகப் பிசுபிசுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸில் குறை இல்லை. கதவோரப் பள்ளத்தில் ஒளி புகாமல் அடைக்கும் சீல், அதாவது பாலியூரிதேன் நுரை, மக்கிவிட்டது. ஈரப்பதம் பட்டுப் பட்டுச் சிதைகிற பொருள் அது. பாம்பன், மண்டபம் பக்கக் காற்றில் கேட்கவே வேண்டாம். பின்பக்கமாக நுழையும் ஒளி, கலர் பிலிமில் சிவப்பை உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடும். கோடு ஆரஞ்சாக இருப்பது அதனால்தான்.

தாராளமாக நீங்களே மாற்றலாம். பழையதை எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. மூங்கில் பல்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துப் பள்ளத்தில் மெதுவாக உருட்டுங்கள். தார் மாதிரி திரண்டு வரும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தே செய்யுங்கள். ஷட்டர் திரையில் ஒரு துணுக்குகூட விழக்கூடாது, விரலும் படக்கூடாது. அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

அப்புறம், குறுகிய பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும். நம் ஊர்க் காற்றுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். நுரை போலப் பிசினாகாது. கீல் பக்கம் மட்டும் பசை தடவிய கறுப்பு நுரையை வெட்டி ஒட்டுங்கள். ஒட்டுமுன் பசைப் பக்கத்தை ஈர விரலால் தடவினால், நகர்த்திச் சரிசெய்யக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கதவை அழுத்தி மூட வேண்டியிருந்தால் நுரை தடிமன் என்று அர்த்தம்.

உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி (மிரர்) படமெடுக்கும்போது மேலெழுந்து மோதும் இடத்து நுரையையும் பாருங்கள். அதை மாற்றும்போது கண்ணாடியைத் துடைக்காதீர்கள். பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் எளிதில் கீறிவிடும்.