மானாவாரி கேள்வி-பதில்: கிடா எங்கே?

கேள்வி: என் ஆடுகள் அடுத்தடுத்துச் சாகின்றன. நல்ல மருந்து சொல்லவும். (எட்டயபுரம்)

வயது, அறிகுறி, கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி எதுவும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? மழைக்குப் புல் துளிர்த்ததும் கொழுத்த குட்டிகளாகப் பார்த்துத் திடீரென்று விழுந்தால் துள்ளுமாரியாக (குடலில் நஞ்சு பரவும் நோய்) இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி மழைக்கு முன், மழைக்கு முன்!

கேள்வி: மழையில்லாமல் சோளப்பயிர் வாடுகிறது. மாட்டை விட்டு மேய்க்கலாமா? (விளாத்திகுளம்)

கூடாது. இளஞ்சோளத்தில், அதுவும் வாடியதில், நஞ்சு அதிகம். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 பேர், ஆளுக்கு ஐந்து வெள்ளாடு வாங்கினோம். மூன்று வருஷத்தில் குட்டிகள் நோஞ்சானாகிவிட்டன. போயர் என்ற வெளிநாட்டு இனக் கிடா வாங்கலாமா? (சாயல்குடி)

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்போது மந்தையில் இருக்கும் கிடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல திட்டங்களிலும் இதே கதைதான். பெட்டைகளை எண்ணிக் கொடுப்பார்கள், கிடாவை மறந்துவிடுவார்கள். அப்புறம் மந்தையில் பிறந்ததே கிடா. அதிலும் நன்றாக வளர்ந்தது பக்ரீத்துக்கோ கோயில் கொடைக்கோ போய்விடும். விலைபோகாமல் மிஞ்சிய சவலைதான் மந்தைக்குத் தகப்பன். அது தன் தாயோடும் தங்கையோடும், அடுத்த வருஷம் மகளோடும் சேரும். குட்டி வேறு எப்படி இருக்கும்?

கடன்பட்டு போயர் வாங்காதீர்கள். அது தீவனம் போட்டு வளர்க்கிற ஆடு. கருவேல நெற்றைப் பொறுக்கி நாளெல்லாம் அலைகிற மந்தைக்குச் சரிப்படாது. உங்கள் பக்கத்து நாட்டு இனமான கொடி ஆடே போதும். 60 பெட்டைக்கு இரண்டு மூன்று கிடாக்களைக் குழுப் பணத்தில், வெளியூர் மந்தையிலிருந்து வாங்குங்கள். இரட்டைக் குட்டியில் ஒன்றா, தாய்க்குப் பால் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டு வருஷம் ஆனதும் பக்கத்து ஊர்க் குழுவோடு மாற்றிக்கொள்ளுங்கள். மந்தையில் பிறக்கும் கிடாக்குட்டிகளை மூன்று மாதத்தில் விதையடித்துவிடுங்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை விதையடிக்க மனசு வராது. அதைத் தனியே கட்டுங்கள். அப்புறம், தடுப்பூசி மழைக்கு முன்.

கேள்வி: வயலில் ஆட்டுக்கிடை போட்டால் (இரவில் மந்தையை அடைத்தால்) அடியுரம் வேண்டாமா? (திருச்சுழி)

பெரும்பாலும் வேண்டாம். கிடை எழுந்ததும் லேசாக உழுதுவிடுங்கள், வெயிலில் கிடந்தால் சத்து வீணாகும். கிடை போடும் கீதாரிக்கு (மந்தை மேய்ப்பவர்) கூலி பாக்கி வைக்காதீர்கள். அடுத்த வருஷம் உங்கள் புஞ்சைப் பக்கமே வரமாட்டார்.