பழைய காலத்தைக் காட்டும் கலைப்படத்தில் எல்லாத் தரப்பு மக்களுக்கும் உரிய இடம் இருக்கிறதா என்பதை எப்படி மதிப்பிடுவது?

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். என் அப்பாயி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடவுக்குப் போனவர். ஆகவே எங்கள் வட்டாரத்தை வைத்தே இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறேன்.

1940களின் தஞ்சை மாவட்டத்தில், ஒரு மிராசுதார் வீட்டில் நடப்பதாக எடுக்கப்பட்ட படம் ஒன்றை அவருடன் உட்கார்ந்து பார்த்தேன். கூடத்துத் தூண்களும் குத்துவிளக்கின் வெளிச்சமும் மிகுந்த அக்கறையுடன் படமாக்கப்பட்டிருந்தன. நடவுக் காட்சி வந்ததும் அப்பாயி, “என்னாப்பா இது, முன்னால நடந்துக்கிட்டே நடுறாளுவொ? நட்ட நாத்தையில்ல மிதிக்கணும்?” என்று கேட்டார். இடக்கையில் நாற்று முடியைப் பிடித்து, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடி பின்னோக்கியே நகர்வதுதான் நடவு. வெண்கலப் பாத்திரங்களைக்கூடத் தேடிப் பிடித்துச் சேர்த்த படக்குழு, நட்டுப் பழகிய ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

ஆகவே திரையில் எந்தச் சாதியினர், எந்த மதத்தினர், எத்தனை பெண்கள் என்று தலையை எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் தெரியவராது என்பதே என் கருத்து. அந்தப் படத்தில் நடவாள்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் பெயர் இல்லை, கேமரா வரப்பை விட்டுக் கீழே இறங்கவும் இல்லை. கலைப்படத்தில் மௌனம் முக்கியமான உத்தி என்பதால், யாருடைய மௌனத்துக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மிராசுதார் பேசாமல் இருக்கும்போது கேமரா அவர் முகத்தில் நிமிடக்கணக்கில் நிற்கிறது. பண்ணையாள் பேசாமல் இருப்பதோ, அவருக்கு வசனமே எழுதப்படாததால்.

‘அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது’ என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. 1940களிலேயே கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே பண்ணையாள்களைச் சங்கமாகத் திரட்டிவிட்டார்கள். தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது, அளவு குறையாதபடி அரசு முத்திரையிட்ட மரக்காலில்தான் கூலி நெல்லை அளக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்துவிட்டன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்த மணலூர் மணியம்மை, முடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து, இதே வயற்காடுகளில் கூலி உழைப்பாளிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் வாழ்ந்த காலத்தில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருந்ததாகக் காட்டும் படம், அந்தக் காலத்தையே தவறாகக் காட்டுகிறது.

ஒரு அக்கிரகார வீட்டுக்குள்ளேயே நடக்கும் கதையில் சேரி மக்கள் வரவில்லை என்பதற்காக மட்டும் அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக் குதிருக்கு நெல் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் அறிந்திருந்தால் எனக்குப் போதும்.

நீங்கள் பார்க்கும் படத்தில் களத்தில் கூலி நெல் அளக்கும் காட்சி இருந்தால், அதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அளப்பவரின் கை மரக்காலின் வாயைத் தட்டி வழிக்கிறதா, முந்தானையை ஏந்தி நிற்கும் பெண்ணின் கண் அந்தக் கையின் மேல் இருக்கிறதா, அவளுக்குக் கணக்கு தெரியும் என்பதை இயக்குநர் நமக்குக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.